உப்புக்கண்ணின் கவனிப்புகள்

'ஏழாம் மிதவை' தொடரின் ரசிகர் விக்கியில் கவனிப்புகள் என்றொரு பக்கம் இருந்தது. கதையில் கண்ணில் பட்ட நுணுக்கங்களை யார் வேண்டுமானாலும் அங்கே எழுதலாம். அதனாலேயே பக்கம் சந்தைக்கடையாகிக் கிடந்தது. கதாநாயகி பச்சைக் கோட்டு போட்டால் பொய் சொல்கிறாள் என்று ஒருவர் எழுதுவார். அது நீலக் கோட்டு என்று அடுத்தவர் மல்லுக்கு நிற்பார்.

லான்செஸ்டன் ஊரில் ஒரு கால்நடை மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை பார்த்த கெரின்தான் விக்கியின் நிர்வாகி. இன்னொரு நிர்வாகி டூகல், பள்ளிப் பேருந்து ஓட்டுபவன். பதினோரு வருடப் பழக்கம்.

பக்கத்தைச் சீர்செய்யக் கெரின் மூன்று விதிகள் எழுதினாள். எந்த அத்தியாயம், எத்தனையாவது நிமிடம் என்று குறிப்பிட வேண்டும். மற்றவர் பதிவுக்குக் கீழே வாதாடக் கூடாது. தொடரைப் பார்க்கும் எவரும் சரிபார்க்க முடியாத எதையும் எழுதக் கூடாது.

மூன்றாவது விதி ஒரே ஆளுக்காக எழுதியது. 'உப்புக்கண்' என்ற பெயரில் ஒருவர் எழுதிவந்தார். நான்காம் அத்தியாயத்தில் மீன் சந்தைக் காட்சி. பின்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு போவார்கள், குரல் கேட்காது. அவர்களில் ஒருத்தி, "கேப்டன் சாகல, ஸ்ட்ரான் துறைமுகத்துல பாத்தேன்" என்கிறாள் என்று உப்புக்கண் எழுதியிருந்தார். மூன்று வாரம் கழித்து, செத்துப்போனதாக எல்லோரும் நம்பியிருந்த கேப்டன் ஏழாம் அத்தியாயத்தில் நிஜமாகவே வந்து நின்றான்.

"உள்ளேருந்து யாரோ திரைக்கதையக் கசியவிடறாங்க," என்றாள் கெரின். பேக்கரி வாசலில் இருவரும் சிப்பிக்கறி அடைத்த ஸ்காலப் பை தின்றுகொண்டிருந்தார்கள்.

"இல்லன்னா குருட்டாம்போக்குல அடிச்சிருப்பாங்க. விடேன்," என்றான் டூகல்.

"எப்படி விட? எல்லாத்தையும் அழிக்கப்போறேன்."

"அம்மா தாயே, கேட்டுட்டு அழி. பக்கத்துல உருப்படியா இருக்கறதே அந்த ஆள் எழுதறதுதான்."

இவன் ஏன் இவ்வளவு பரிந்து பேசுகிறான்? வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கெரினுக்கு அதே நினைப்பு. டூகலின் அண்ணன் மகள் படப்பிடிப்புகளுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவள். உப்புக்கண் எழுதும் நாட்களைப் பார்த்தாள். பெரும்பாலும் டூகலின் பேருந்து ஓடாத வார இறுதிகள். மற்ற எல்லோரும்கூட வார இறுதிகளில்தான் எழுதினார்கள் என்பதை அவள் கணக்கில் எடுக்கவில்லை.

உப்புக்கண் என்பது டூகலேதான் என்று முடிவுகட்டி, அந்தப் பெயரில் இருந்த நாற்பத்திரண்டு பதிவுகளையும் அழித்தாள். மறுநாள் விவாதப் பக்கத்தில் உப்புக்கண்ணிடமிருந்து பதில் வந்திருந்தது.

"நான் நோலீன், பர்னி ஊர்ல இருக்கேன். ஆறு வயசுலேருந்து எனக்குக் காது கேக்காது. உதட்டப் பாத்துத்தான் எழுதறேன். உங்களுக்குத் தெரியலங்கறதால அது இல்லன்னு ஆயிடுமா?"

கெரின் நம்பவில்லை. நல்ல கதை என்றுதான் நினைத்தாள். சோதித்துப் பார்க்க, மதிய இடைவேளையில் செல்பேசியை மேசைமேல் நிறுத்தித் தன்னையே வீடியோ எடுத்தபடி, நாய்த் தீவன டப்பாவின் மேல் எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்தாள். செவிலி ரொவீனா வந்து என்ன கூத்து இது என்று கேட்க, பேச்சு வேறெங்கோ போயிற்று. கெரின் வீடியோவின் ஒலியை நீக்கிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல், என்ன சொல்கிறேன் என்று கேட்டு அப்படியே விவாதப் பக்கத்தில் போட்டாள். சத்தம்தான் இல்லையே.

சாயங்காலம் எல்லோரும் படிக்கும்படி நோலீன் பதில் எழுதினாள்.

"முதல் பாதி நாய் சாப்பாடு. ரெண்டு கரண்டியா மூணான்னு தெரியல, தலையத் திருப்பிட்டீங்க. ரெண்டாம் பாதியில சொல்றீங்க: 'இது டூகல் வேலதான், நிர்வாகத்த மொத்தமா அவன் கைக்குக் கொண்டுபோகப் பாக்கறான்.' டூகலா டக்ளஸாங்கறது நிச்சயமில்ல. பேர் எப்பவும் கஷ்டம்."

கெரினுக்கு முகம் சுட்டது. அந்தப் பதிலை அழிக்க விரல் போயிற்று. அதற்குள் டூகல் கீழே எழுதிவிட்டான்: "டூகல்தான். பேர் சரி."

அவள் தொலைபேசியில் அழைத்தாள். நான்காவது முறைதான் எடுத்தான்.

"டூகல், தப்புதான். என் புத்தி..."

"பதினோரு வருஷம் கெரின். மூஞ்சிக்கு நேரா கேட்டிருந்தா சிரிச்சுட்டுப் போயிருப்பேன். ஒரு நர்ஸ்கிட்டயா சொல்லுவ?"

கெரின் நாற்பத்திரண்டு பதிவுகளையும் அன்றே திருப்பிப் போட்டாள். நோலீனிடம் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டாள். மூன்றாவது விதியை எப்படித் திருத்துவது என்றும் கேட்டாள்.

"கண்டது எது, ஊகம் எதுன்னு பிரிச்சு எழுதச் சொல்லுங்க," என்றாள் நோலீன். "எப்படிக் கண்டோம்னும் சொல்லணும். நான் மொதல்லயே சொல்லியிருக்கணும். சொன்னா, பாவம்னு தனியா நடத்துவீங்கன்னு பயம்."

விதி அப்படியே ஏறியது. கோட்டுச் சண்டைகள் பாதியாகக் குறைந்தன. நிச்சயமில்லை என்று எழுத வேண்டி வந்ததும் பலர் எழுதாமலே விட்டார்கள்.

டூகல் விலகவில்லை. ஆனால் நோலீனையும் நிர்வாகியாக்க வேண்டும், இருவர் ஒப்புக்கொள்ளாமல் எதையும் அழிக்கக் கூடாது என்று கேட்டு வாங்கிக்கொண்டான். கெரின் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் பத்து நிமிடத்தில் அவன் வந்து சரிபார்த்துவிட்டுப் போன தடம் பக்கத்தின் வரலாற்றில் பதிவாகியிருக்கும். அவள் அதைப் பார்த்துவிட்டு அடுத்த பிழைக்குப் போவாள்.