நான்கு விரல் உயரம்

செயின் ஆற்றின்மேல் படர்ந்திருந்த இளவேனிற் பனி மெல்ல விலக, தளிர்த்த மரங்கள் இருமருங்கும் நின்ற பாரிசுப் பெருவீதியில், செல்வர்தம் குதிரைவண்டிகள் கருநீலமும் செம்மையும் பூசி, குளத்து அன்னங்கள்போல் ஒன்றன்பின் ஒன்றாய் மிதந்து சென்ற முற்பகலில், நயமறிந்தீர், அவற்றுட் பாதிக்கு முதல் வடிவம் தந்த அன்செல்ம், வண்டிப் பட்டறையின் மாடியில் வரைபலகைமேல் குனிந்து, மணமகள் ஒருத்திக்கான வண்டியைத் தீட்டிக்கொண்டிருந்தான். படங்களுக்கு வண்ணமிடும் கிளெமான்சு எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, படி ரொம்ப மேல இருக்கே! அகலப் பாவாடை கட்டினவளுக்குக் கால் வைக்கிற இடம் எப்படித் தெரியும்? நாலு விரல் இறக்குங்க."

"இறக்கினா கோட்டோட அழகே போயிடும். நீ வண்ணத்தைப் பாரு."

"கோடா வண்டியில ஏறப்போகுது?" என்று அவள் நகைத்தாள். அவன் இறக்கவில்லை.

மணநாளன்று கோவில் வாயிலில் அவ்வண்டியினின்று இறங்கிய மணமகள், படியைக் காணாது கால் வழுவி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்தாள். சினந்த பட்டறைத் தலைவர், படியை அடித்துப் பொருத்திய கொல்லன் திபோவையும் அன்செல்மையும் அழைத்தார்.

"படத்துலயே இவ்வளவு உயரமா?"

"இல்லைங்க, தாழத்தான் வரைஞ்சேன்" என்றான் அன்செல்ம், சன்னலை நோக்கியவாறு. திபோ தன் கைகளைப் பார்த்தான். அன்றே வேலையினின்று நீக்கப்பட்டுப் போனான்.

"நீங்களே போய் உண்மையைச் சொல்லுங்க" என்றாள் கிளெமான்சு. "நாளைக்குச் சொல்லிடறேன்" என்று சொல்லிச் சொல்லியே அவன் நாள் கடத்தினான். ஒரு திங்கள் பொறுத்தவள், படி உயரமாய் வரைந்திருந்த அந்தப் பழைய படத்தை எடுத்துச்சென்று தலைவர்முன் தானே விரித்தாள். அவர் கேட்டபின்னரே அன்செல்ம் ஒப்புக்கொண்டான். கொல்லனைத் தேடி அழைத்துவரும் பணியும் அவனதாயிற்று.

ஊரூராய் உசாவி, இலையுதிர் காலத்தில், ரூவான் என்னும் நகரின் ஆற்றுத்துறையில், மூட்டை சுமப்போரிடையே திபோவைக் கண்டு, அனைத்தையும் சொல்லித் தலைகவிழ்ந்து நின்றான். திபோ தோளிலிருந்த மூட்டையை இறக்கிவைத்தான்.

"நீங்க சொன்னா அது சரியாத்தான் இருக்கும்னு நம்பினேன் ஐயா. என் கைதான் தவறிப்போச்சுன்னு நினைச்சுக்கிட்டேன். அன்னையிலிருந்து சுத்தியலைத் தொடவே துணிவு வரல. உங்க மேல கோவமில்ல, ஆனா நான் திரும்பி வரல, நீங்க போயிட்டு வாங்க."

சினமேனும் காட்டியிருந்தால் அன்செல்ம் ஆறியிருப்பான். வாழ்நாள் முழுதும் அவன் எத்தனையோ அழகிய வண்டிகளை வரைந்தான். ஊரும் அவனைப் போற்றியது. ஆயினும், ஒருவன் தன் கைமேல் கொண்ட நம்பிக்கையை ஒரு சொல்லாற் பறித்தவனால், அதனை ஆயிரம் சொல்லாலும் திருப்பித்தர இயலாது என்பதை, புகழ்மொழி கேட்குந்தோறும் எண்ணி எண்ணி உள்ளம் நைந்தான்.