பழைய சர்வரில் இரண்டு பேர்

அந்தச் சனிக்கிழமை காலை அலுவலகத்தில் அவளைத் தவிர யாரும் இல்லை. குடிநீர் வாரியத்தின் கணினிப் பிரிவு முழுவதும் போன வாரமே புதுக் கட்டடத்துக்குக் குடிபோய்விட்டது. அவளுக்கென்று விட்டுவைத்த ஒரு மேசை, ஒரு நாற்காலி, சுவரோரம் இரைந்துகொண்டிருந்த பழைய சர்வர், இவ்வளவுதான் மிச்சம். அந்தச் சர்வரில் ஓடும், தொட்டிகளின் நீர்மட்டம் பதியும் ஜாவா நிரலைப் புதிய சர்வருக்கு மாற்றிவிட்டுப் பழையதை அணைத்தால், அவளும் கிளம்பலாம்.

வேலையை ஆரம்பிக்கும்போதே அக்கா போனில் கூப்பிட்டாள்.

"சனிக்கிழமைகூடவா? சாப்பிட வாயேன்டி. மாமியார் வேற கேட்டுக்கிட்டே இருக்காங்க, உன் தங்கச்சி எந்த ஓட்டல்ல சர்வரா இருக்கான்னு."

"பெரிய ஓட்டல்னு சொல்லு. டிப்ஸ்தான் யாரும் வைக்கிறதில்ல."

அக்கா சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "தனியா இருந்து என்னடி பண்ணப்போறே?" என்றாள். அலுவலகத்தைப் பற்றித்தான் கேட்கிறாளா என்று தெரியவில்லை. "வேலை இருக்குக்கா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

வேலை நிஜமாகவே இருந்தது. பழைய சர்வருக்கும் புதியதற்கும் இடையில் ஜாவாக்காரர்கள் சர்வ்லெட் என்ற நிரல் பகுதியின் குடும்பப் பெயரையே மாற்றியிருந்தார்கள். பழைய நிரலில் அந்தப் பெயர் வரும் இடமெல்லாம் தேடித் திருத்துவதிலேயே போன வாரம் கழிந்திருந்தது. பெயர் மாற்றுகிற பாடு அவளுக்குப் புதிதில்லை. விவாகரத்துக்குப் பிறகு இனிஷியலை மறுபடி அப்பா பெயருக்கே மாற்ற அவள் ஏறி இறங்காத கவுண்டர் இல்லை. நிரல் பரவாயில்லை, ஏன் மாற்றுகிறீர்கள் என்று கேட்கவில்லை.

திருத்திய நிரலைப் புதிய சர்வரில் வைத்தாள். தரவுத்தளத்தின் முகவரியையும் கடவுச்சொல்லையும் அமைப்புக் கோப்பில் எழுதி, ஓடவிட்டாள். உடனே விழுந்தது. தரவுத்தளத்தோடு பேசுவதற்கான துணைக் கோப்பைக் காணோம் என்றது. நிரலோடு இருக்கவேண்டிய அது, பழைய சர்வரின் பொதுக் கோப்புறையில் தூங்கிக்கொண்டிருந்தது. இது 'புலி' செய்த வேலை. ஜாவாவில் புலி என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். பக்கத்து இருக்கையில் வருடக்கணக்காக அவளோடு வாயடித்தவன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். முதலில் தினமும் செய்தி அனுப்பினான், அப்புறம் எப்போதாவது, இப்போது பிறந்தநாளுக்கு ஒரு கேக் படம். 'உன் பாவத்தை இப்பத்தான் கண்டுபிடிச்சேன்' என்று தட்டச்சு செய்தவள், அனுப்பாமலே அழித்துவிட்டுத் துணைக் கோப்பை எடுத்து வைத்தாள்.

இந்த முறை பக்கம் திறந்தது. ஆனால் நீரேற்று நிலையங்களின் பெயர்கள் இருந்த இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். தமிழ் எழுத்தை எப்படிப் படிப்பது என்று புதிய சர்வருக்கு யாரும் சொல்லவில்லை. பழையதன் தொடக்கக் கோப்பில் அதற்கென்று ஒரு வரி இருந்தது. அதைச் சேர்த்ததும் ஊர்ப்பெயர்கள் ஒவ்வொன்றாக முகம் காட்டின. "அப்பாடா" என்று வாய்விட்டே சொன்னாள். காலி அறை அதை அவளிடமே திருப்பித் தந்தது.

மதியத்துக்கு முன் வாரியத்தின் இணையப் பெயரைப் புதிய சர்வரின் பக்கம் திருப்பினாள். ஒவ்வொரு நிலையத்திலும் தொட்டியின் நீர்மட்டத்தைப் பதிகிறவர்கள் இனித் தாமாகவே அங்கே வருவார்கள். வந்தார்கள். ஆனால் பழைய சர்வரின் பதிவில் ஒரே ஒரு இடத்திலிருந்து மட்டும் கோரிக்கை வந்துகொண்டே இருந்தது. மலைமேல் இருக்கும் கடைசி நிலையம். அங்கே பெயரை விட்டுவிட்டுப் பழைய சர்வரின் எண் முகவரியையே நேராகப் போட்டிருக்கிறார்கள். அணைத்தால் மலைத்தொட்டி ஊமையாகிவிடும்.

தொலைபேசியில் கூப்பிட்டாள். வெகுநேரம் அடித்த பிறகே எடுத்தார்கள்.

"யாருங்க?" வயதான குரல். பின்னால் பம்ப் ஓடும் சத்தம்.

"சார், தலைமை அலுவலகத்துலேர்ந்து பேசுறேன். கம்ப்யூட்டர் பிரிவு."

"மேடம், நல்லவேளை கூப்பிட்டீங்க!" பம்ப் ஆபரேட்டர் படபடத்தார். "இங்க என்னமோ ஆயிடுச்சு. கொஞ்ச நேரமா ஒவ்வொருத்தரா எல்லாரும் போயிட்டாங்க."

"யாரு சார் போயிட்டாங்க?"

"பச்சைப் புள்ளிங்க மேடம். ஸ்கிரீன் ஓரத்துல காட்டுமே. எந்த ஸ்டேஷன்ல ஆள் உள்ள இருக்காங்கன்னு. அத்தனையும் அணைஞ்சிருச்சு. எங்கயாவது உடைப்பா? யாருக்காவது ஏதாவதா?"

அவளுக்குப் புரிந்தது. யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்பதை அந்தந்த சர்வர் தன் நினைவில்தான் வைத்திருக்கும். எல்லாரும் புதியதற்குப் போய்விட, பழையதில் அவர் மட்டும் மாட்டிக்கொண்டார்.

"ஒண்ணும் ஆகல சார். எல்லாரும் வேற சர்வருக்கு மாறிட்டாங்க. அவ்வளவுதான்."

"அப்படியா" என்று பெருமூச்சு விட்டார். "நான் வேலைக்கு வந்தா அதத் திறந்துவெச்சிடுவேன் மேடம். இங்க பேச்சுத்துணைக்கு ஆளே கிடையாது. புள்ளி எரிஞ்சா, சரி, அவனும் முழிச்சிட்டிருக்கான்னு ஒரு இது. அவங்கள்ல ஒருத்தரையும் நான் பாத்ததுகூட இல்ல." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா இன்னிக்கு ஒண்ணு மட்டும் அணையல. 'நிர்வாகி'ன்னு போட்டிருக்கு. நான் அதத்தான் பாத்துட்டு உக்காந்திருந்தேன். அது யாரு மேடம்?"

சோதித்துப் பார்க்கக் காலையில் பழைய சர்வரில் நுழைந்தவள், வெளியேற மறந்திருந்தாள்.

"நான்தான் சார்."

"நீங்களா!" என்றார்.

புதிய முகவரியை அவள் எழுத்தெழுத்தாகச் சொன்னாள். "புள்ளி வைங்க. எழுத்துக்கு நடுவுல வர்ற புள்ளி சார், பச்சை இல்ல." அவர் சிரித்துக்கொண்டே தட்டினார். இரண்டு தடவை தப்பாகி, மூன்றாவதில் பக்கம் திறந்தது.

"ஐயோ, எல்லாரும் இங்கதான் இருக்காங்க!" தொலைந்த பிள்ளையைச் சந்தையில் கண்டுபிடித்தவர் மாதிரி இருந்தது குரல். "ஆனா மேடம், உங்களக் காணோமே?"

"புதுசுல நிர்வாகி பேரு காட்டாது சார். பாதுகாப்புக்காக மறைச்சிருக்கோம்." மறைத்தது அவளேதான்.

"அப்ப நீங்க இருக்கீங்களா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள், "பிரஷர் ஏறுது மேடம், பாக்கணும்" என்று அவர் ஓடிவிட்டார். தொடர்பு அறுந்தது.

பழைய சர்வரிலிருந்து வெளியேறி, அதை நிறுத்தினாள். மின்விசிறியின் இரைச்சல் மெல்ல இறங்கி நின்றது. இத்தனை வருடமும் அந்தச் சத்தத்தை எரிச்சலோடுதான் கேட்டிருக்கிறாள். இப்போது அது இல்லாமல் உட்கார முடியவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கினாள்.

திங்கட்கிழமை புதுக் கட்டடத்தில் மேலாளர் அவளைப் பாராட்டினார். "சர்வர் மாறினது யாருக்குமே தெரியல. அதாம்மா நல்ல வேலை." அவளுக்குத் தூணுக்குப் பின்னால் இடம் கிடைத்தது. பக்கத்து இருக்கை காலி. புதிய மேசைத் தொலைபேசியின் உறைகூடப் பிரிக்கவில்லை. அதுதான் முதலில் அடித்தது.

"உங்க நம்பரை எக்சேஞ்ச்ல கேட்டு வாங்கினேன் மேடம்" என்றார் ஆபரேட்டர்.

"பக்கம் திறக்கலயா சார்?"

"அதெல்லாம் நல்லாத் திறக்குது." இருமினார். "சும்மாதான்."

அங்கே மழையா என்று கேட்டாள். மூட்டமாக இருக்கிறது, வந்தாலும் வரும் என்றார். அதற்கப்புறம் பம்ப் ஓடுவது மட்டும் கேட்டது. அவர் வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.