மாங்கனீஸ்

“எத்தனை டிகிரி வரைக்கும் ஏத்துவீங்க?” என்று அப்பா கேட்டபோது உலையின் கதவு பாதிதான் மூடியிருந்தது. உள்ளே அம்மாவின் பெட்டி இன்னும் தெரிந்துகொண்டிருந்தது.

வெள்ளைக் கையுறை மாட்டியிருந்த தகனமண்டப ஊழியர் ஒரு கணம் திகைத்தார். “எண்ணூறு, தொள்ளாயிரம் இருக்கும் ஐயா.”

“ஆயிரத்தைத் தாண்டாதுல்ல?”

“தாண்ட விடமாட்டோம்.”

கதவு மூடிக்கொண்டது. மகள் சிசுருவுக்கு முகம் எரிந்தது. பக்கத்தில் நின்ற பெரியம்மா தொமோயே, அம்மாவின் அக்கா, குரலைத் தணிக்கவே இல்லை. “பொண்டாட்டிய எரிக்கிற எடத்துலயும் மனுஷனுக்குச் சூளை நெனப்பு.”

அப்பா காதில் விழாதவர்போல நடந்தார்.

காத்திருக்கும் அறையில் தேநீரும் பெட்டிச் சாப்பாடும் வைத்திருந்தார்கள். அப்பா மூடியைக்கூடத் திறக்கவில்லை. கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சூளை எரியும்போதும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்.

ஜப்பானின் செத்தோ ஊரில் பீங்கான் சுடாத வீடு குறைவு. ஆனால் அப்பா கியோமிட்சு சுட்டது வேறு ஜாதி. துத்தநாகம் கலந்த பூச்சை உச்சச் சூட்டில் உருக்கி, சூட்டை மளமளவென்று இறக்கி, பிறகு ஒரே சூட்டில் நாலைந்து மணி நேரம் பிடித்து நிறுத்த வேண்டும். அப்போது பூச்சுக்குள் படிகங்கள் ஜன்னலில் உறைபனி படர்வதுபோல விரியும். கோபால்ட் தூள் போட்டால் நீலம், செம்பு போட்டால் பச்சை. அவருக்கு மாங்கனீஸ்தான் பிடிவாதம். பொன் விளிம்போடு ஒரு செம்பழுப்பு அதில் வரும் என்று இருபது வருஷம் தூளின் அளவை மாற்றி மாற்றிச் சுட்டார். இரண்டே இரண்டு முறை வந்தது. மூன்றாவது முறை வரவில்லை.

சூளைக் கொட்டகைக்கு ஒரே ஜன்னல். காற்றடித்தால் சூடு குலையும் என்று அதை அடைத்துவிடுவார். அம்மா ஃபுமியே சூளையை ஒட்டி முக்காலி போட்டு உட்கார்ந்து, பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் சூட்டைப் பார்த்து நோட்டில் எழுதுவாள். தொண்டை கரகரக்கும். வெளியே வாம்மா என்று சிசுரு கூப்பிட்டால், “போடி, இங்கதான் என் கால் குளிர்ல விறைக்காம இருக்கு” என்பாள்.

முதலில் அவள் கையெழுத்து சிறுத்தது. அப்புறம் நடை பொம்மை நடையானது. முகம் சிரிக்க மறந்தது. மாத்திரைகள் கேட்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பு நகோயாவில் ஒரு டாக்டர்தான் கேட்டார்: “மாங்கனீஸ் சுடுறீங்களா? அந்தப் புகை மூளையில போய் உட்காரும். கொட்டகையில காத்தோட்டம் உண்டா?”

“ஜன்னல் எப்பவும் தொறந்துதான் இருக்கும்,” என்றார் அப்பா.

அம்மா மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்தாள். மறுத்துப் பேசவில்லை. சிசுருவும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். அவளும் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

அதன்பிறகு அப்பா மாங்கனீஸைத் தொடவில்லை. எதற்காக என்று ஒருவரும் கேட்கவும் இல்லை.

ஒன்றரை மணி நேரத்தில் கூப்பிட்டார்கள். இரும்புத் தட்டில் அம்மா வெள்ளையாகக் கிடந்தாள். ஆளுக்கொரு ஜோடிக் குச்சி கொடுத்தார்கள். இருவர் சேர்ந்து ஒரு எலும்பை எடுத்துக் கலயத்தில் இட வேண்டும், காலிலிருந்து தொடங்கி. பெரியம்மாவும் சிசுருவும் முதல் துண்டை எடுத்தார்கள். அது எடையே இல்லாமல் இருந்தது.

விலா எலும்பு ஒன்றில் லேசாகப் பச்சை படிந்திருந்தது.

“பெட்டியில வெச்ச பூவோட சாயமா?” என்றாள் பெரியம்மா.

“இருக்கலாம் அம்மா,” என்றார் ஊழியர்.

“பூ இல்ல. செம்பு,” என்றார் அப்பா. குனிந்து, முகம் சாம்பலில் படும் அளவுக்குக் குனிந்து, மண்டையோட்டுச் சில்லுகளைக் குச்சியால் ஒவ்வொன்றாகப் புரட்டினார். சுட்ட சோதனைச் சில்லுகளை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிற அதே பார்வை.

சிசுருவுக்குப் பொறுக்கவில்லை. “அப்பா! அது அம்மாப்பா. உங்க சாம்பிள் இல்ல.”

அவர் நிமிரவில்லை. “மாங்கனீஸ் இந்தச் சூட்டுல பறந்து போகாது. ஆயிரத்துக்குள்ள கருப்பா நின்னுரும். அதான் கேட்டேன்.”

“எதுக்கு?”

“இருந்தா தெரியும்ல.” அவர் இன்னொரு சில்லைத் திருப்பினார். அதுவும் வெள்ளையாகவே இருந்தது. “கண்ணுல படுற அளவுக்கு இருக்காது. அது எனக்கே தெரியும்.”

பெரியம்மா கையிலிருந்த குச்சிகளைக் கீழே வைத்தாள்.

“அன்னிக்கு டாக்டர்கிட்ட நான் சொன்னது...” அப்பா நிறுத்தினார். “நீயும் கேட்டுட்டுதான் இருந்த.”

“இருந்தேன்.”

“உங்கம்மாவும்.”

ஊழியர் சுவரைப் பார்த்து நின்றார். இல்லைப்பா, அதனால் இருக்காது என்று சிசுரு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆமாம், நீங்கள்தான் என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டு வருஷமாக அவள் மனசுக்குள் ஒத்திகை பார்த்தது இரண்டாவதைத்தான். ஆனால் இப்போது தன் குச்சியை நீட்டி, அவர் புரட்டிக்கொண்டிருந்த சில்லின் மறுமுனையைப் பிடித்தாள். இருவருமாக அதைத் தூக்கிக் கலயத்தில் இட்டார்கள்.

வெளியே ஈரப்பனி விழுந்துகொண்டிருந்தது. கலயத்தை உள்ளே வைத்து வெள்ளைத் துணி சுற்றிய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அப்பா காரில் முன்னால் உட்கார்ந்தார். பெரியம்மா ரயிலில் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சிசுரு ஹீட்டரைப் போடக் கையை நீட்டினாள்.

“சூடு இன்னும் இருக்கு,” என்றார் அப்பா, பெட்டிமேல் உள்ளங்கையை வைத்தபடி.

அவள் ஹீட்டரைப் போடாமல் வண்டியை எடுத்தாள். இரண்டாவது வளைவில் அவர் சிரமப்பட்டுத் தன் கறுப்புக் கோட்டைக் கழற்றி, பெட்டியைச் சுற்றி, இடுக்கு விடாமல் ஓரங்களைச் செருகினார். வெறும் சட்டையோடு, முன்கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.