இரண்டு வருடத் தூக்கம்

அக்கா இரண்டு வருட வேலைக்காகக் கடல் கடந்து போகிறாள் என்றதும் சித்தப்பா முதலில் கேட்டது அவளுடைய காரைப் பற்றித்தான். வாங்க ஆள் இருக்கிறதாம், இப்போதே தள்ளிவிடுவதுதான் புத்திசாலித்தனமாம்.

"ரெண்டு வருஷம் நின்னா பழைய இரும்புதான்டி அது."

அக்கா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய கார். திரும்பி வரும் அன்று அது கிளம்பாவிட்டால் அந்த ஆளுக்கே கொடுத்துவிடுவதாகச் சொன்னாள். பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

இரண்டு நாள் நாங்கள் ஷெட்டிலேயே கிடந்தோம். பழைய ஆயில் என்ஜினை உள்ளுக்குள்ளேயே அரிக்கும் என்று புதிது ஊற்றினோம். டேங்க்கில் ஈரக் காற்று தங்காதபடி பெட்ரோலை நிரப்பினோம். சக்கரங்கள் தரையில் படாமல் காரை இரும்புத் தாங்கிகளில் ஏற்றினோம். ஹேண்ட் பிரேக்கைப் போடவில்லை, போட்டால் ஒட்டிக்கொள்ளும். எலி நுழையாமல் சைலன்சர் வாயில் கம்பி வலை செருகியபோது, அக்காவின் முகம் குழந்தைக்கு மருந்து புகட்டுகிறவளுடையதைப் போல இருந்தது. கடைசியில் பேட்டரியைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள்.

"மாசம் ஒருதரம் சார்ஜ் போடு. யார் சொன்னாலும் சும்மா ஸ்டார்ட் பண்ணிப் பாக்காத. அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தினா உள்ள ஈரம்தான் தங்கும்."

யார் என்று எனக்குத் தெரியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சித்தப்பா மாற்றுச் சாவியோடு வந்தார். வாரம் ஒருமுறை உறுமவிட்டால்தான் வண்டிக்கு உயிர் இருக்குமாம். பேட்டரி என் அறையில், ஜன்னலோரம், புத்தகங்களுக்குப் பக்கத்தில் இருந்தது. தர மாட்டேன் என்றேன்.

"நீ படிச்சுக் கிழிச்சது போதாதுன்னு பேட்டரியையும் படிக்க வைக்கிறியா?"

பல ஞாயிறுகளில் வந்தார். நான் ஒரு தடவைகூட அசையவில்லை.

இரண்டு வருடம் கழித்து வந்த அக்கா, பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டு ஷெட்டுக்கு ஓடினாள். வலையை எடுத்தோம், டயருக்குக் காற்றடித்தோம், காரை இறக்கினோம், பேட்டரியை மாட்டினோம். சித்தப்பா, காரை வாங்கக் காத்திருந்த ஆளின் பைக்கிலேயே வந்து இறங்கினார்.

அக்கா சாவியைத் திருப்பினாள். ஒரு முனகல், அவ்வளவுதான். சித்தப்பா அந்த ஆளைப் பார்த்துத் தலையசைத்தார். அக்கா மறுபடி திருப்பினாள்.

பிடித்துக்கொண்டது. கொஞ்சம் புகை, பிறகு சீரான, கணீரென்ற சத்தம். ஷெட்டின் தகரமே அதிர்ந்தது. நான் குதித்தேன். பிரேக் எங்கும் ஒட்டாமல் கார் வெயிலுக்கு உருண்டு வந்தது.

"இப்பதாங்க எனக்கு வாங்கணும்னே தோணுது," என்றார் அந்த ஆள்.

"விக்கிறதா இல்லைங்க," என்றாள் அக்கா.

அவர் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சித்தப்பா கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். பிறகு பின்கதவைத் திறந்து உட்கார்ந்து, வீட்டில் விட்டுவிடச் சொன்னார். போகிற வழியெல்லாம் அக்கா ஹாரன் அடித்தாள்.