ஒரு டம்ளர் சாத்துக்குடிச் சாறு

ஆராயி அக்கா சுனாமியில் செத்தது குத்தகைக்காரரின் உப்புப் பாத்தியில். மழை விட்டதும் வரப்பு கட்ட, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வரச் சொன்னவர் அவர்தான். ஆறு மாதம் கழித்தும், அவள் நண்டு பிடிக்கப் போய்ச் செத்தாள் என்றே சாதித்தார். அவள் புருஷன் பஞ்சநாதன் நடையாய் நடந்து ஓய்ந்த பிறகு, என் சிநேகிதன் அந்தோணிராஜ் பாத்தி வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தான். 'என் வேலையில்தான் செத்தாள்' என்று அவர் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடும்வரை சாப்பிட மாட்டானாம்.

கூட உட்காருவதாக நானும்தான் வாய் கிழியப் பேசியிருந்தேன். முதல் நாளே என் மனைவி சந்தியாவுக்கு வலி எடுத்தது. பெண் குழந்தை. பிள்ளை பெற்ற வீட்டுக்காரன் என்று ஊர் என்னை விட்டுவிட்டது. வலி என்று கேட்டதும் எனக்குப் பயத்துக்கு முன்னால் வந்தது நிம்மதி. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஒன்பதாம் நாள் அவனுக்கு நாக்குக் குழறுகிறது என்றார்கள். ஒரு வரிக்காக ஒருவன் சாகலாமா? பத்து நாள் முன்பு கேட்டிருந்தால் சாகலாம் என்றிருப்பேன். இப்போது மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு நினைத்தால் அவன்மேல் ஆத்திரம்தான் வந்தது. இவளுக்கு ஞானத்தகப்பனாக நிற்பதாகச் சொன்னவன் அவன்.

உண்ணாவிரதத்தை யாராவது பழச்சாறு கொடுத்துத்தான் முடித்துவைக்க வேண்டும். சந்தியா கத்தக் கத்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டேன். கடையில் சாத்துக்குடி பிழியச் சொல்லி வாங்கிக்கொண்டு பந்தலுக்குப் போனேன்.

"கையெழுத்து போட்டுட்டாரு. கண்ணால பாத்தேன். காகிதம் வக்கீல்கிட்ட இருக்குது," என்றேன், எல்லார் காதிலும் விழும்படி.

அந்தோணிராஜ் என்னைப் பார்த்தான். குழந்தையைப் பார்த்தான். பிறகு நான் நீட்டிய சாற்றைக் குடிக்க வாயைத் திறந்தான். ஜனங்கள் கைதட்டினார்கள். பஞ்சநாதன் வாய்விட்டு அழுதார்.

மூன்று வாரம் கழித்து மரக்காணம் கோயிலில் ஞானஸ்நானம். சாத்தானை விட்டுவிடுகிறாயா என்று சாமியார் கேட்க, எலும்பும் தோலுமாய் நின்ற அந்தோணிராஜ், விட்டுவிடுகிறேன் என்று குழந்தைக்காகப் பதில் சொன்னான். வெளியே வந்ததும் எனக்குத் தாங்கவில்லை.

"அன்னிக்கு நான் சொன்னது பொய்டா."

"தெரியும். நீ சொல்லும்போதே தெரியும்." அவன் குழந்தையின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "சாவ பயமா இருந்துச்சுடா சாலமன். எவனாவது வந்து பொய்யாவது சொல்ல மாட்டானான்னு மூணு நாளா ரோட்டையே பாத்துக்கிட்டு கெடந்தேன்."

அவன் பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். இப்போதும் சந்தோஷம்தான். ஆனால் அந்த நேரத்தில் அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது.

குழந்தையைப் பார்க்கப் பஞ்சநாதன் வந்தார். கொஞ்ச நேரம் கொஞ்சிவிட்டு, வாரா வாரம் என்னிடம் கேட்பதைக் கேட்டார்.

"ஏம்பா, அந்தக் காகிதம் வந்துச்சா?"

அந்தோணிராஜ் குழந்தையை மறுதோளுக்கு மாற்றினான்.

"அடுத்த வாரம் வந்துரும்ண்ணே."

பஞ்சநாதன் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டார்.