வலப்பக்கக் கன்ட்ரோலில் ஒரு சந்தனப் பொட்டு

1

இந்தக் கதை என் காதில் தப்பாக விழுந்து பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஜெயபாண்டி வந்து, "அண்ணே, நம்ம பாண்டிமீனாவோட மவுசு உள்ள போயிருச்சுண்ணே. வெளிய வரவே மாட்டேங்குது" என்றான். மவுசு என்றால் எங்கள் ஊரில் மதிப்பு, கிராக்கி. அடி ஆத்தி, அந்தப் பிள்ளையின் மதிப்புக்கு என்ன வந்தது என்று பதறிப்போனேன். அவன் தலையில் அடித்துக்கொண்டான். "அந்த மவுசு இல்லண்ணே. கையில புடிச்சு நகத்துற மவுஸு!"

முதல் வரியாக நான் எழுதியது: 'செல்லூரில் தறிச்சத்தம் ஓய்ந்த ஒரு நள்ளிரவில்…'

அடித்துவிட்டேன். அவள் கோளாறைப் பிடித்தது பட்டப்பகலில். தறியும் ஓயவில்லை. நள்ளிரவு என்றாலே கதை எழுதுகிறவர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும், வேறொன்றுமில்லை.

2

பாண்டிமீனா ஒரு சென்னைக் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் சோதித்துக் கொடுப்பவள். செல்லூர் வீட்டிலிருந்தே வேலை. வீட்டில் அவளும் அம்மா சோணையம்மாளும்தான். அப்பா போன தை மாதம் தவறிவிட்டார்.

(மெய்நிகர் கணினி என்று எழுதிப் பார்த்தேன். மீனாவே சிரிப்பாள். அவள் வாயில் அது 'விஎம்'. வாடகை வீட்டுக்குள் ஓர் அறையை உள்வாடகைக்கு விடுவதுபோல, ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர். அவள் சோதிக்கிற பழைய சாஃப்ட்வேர் அந்த அறைக்குள்தான் ஓடும். மவுஸின் அம்புக்குறி உள்ளே போய்விட்டால் வெளியே வர ஒரே சாவிதான்: கீபோர்டில் வலப்பக்கம் இருக்கிற கன்ட்ரோல் பட்டன்.)

ஆயுத பூஜை முடிந்து முதல் வேலைநாளில் அந்தச் சாவி வேலை செய்யவில்லை. வாடிக்கையாளருக்கு ஆன்லைனில் செய்து காட்டிக்கொண்டிருக்கும்போதே அம்புக்குறி விஎம்முக்குள் மாட்டிக்கொண்டு முழித்தது. மேலாளர் ஸ்ரீராம்குமார் நல்ல மனிதர்தான். ஆனாலும் கடைசியில் கறாராகச் சொல்லிவிட்டார். "திங்கட்கிழமை இன்னொரு தடவை செஞ்சு காட்டுங்கம்மா. அதுவும் சொதப்பினா நீங்க ஆபீசுக்கே வந்துடுறதுதான் சரி."

ஆபீஸ் என்றால் சென்னை. "ஒங்கப்பா இருந்த வீட்டப் பூட்டிப்போட்டு நான் எங்கயும் வரமாட்டேன், நீ வேணா போடி" என்பது சோணையம்மாளின் முடிவு. அம்மாவைத் தனியே விட்டுப் போக மீனாவால் முடியாது. மவுஸ் வெளியே வந்தால்தான் மதுரை.

3

மடிக்கணினியை மட்டும் வைத்து வேலை பார்த்தால் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தப் பழைய சாஃப்ட்வேர் சின்னத் திரையில் முழுசாகத் தெரியாது. பெரிய மானிட்டரை மாட்டினால்தான் மவுஸ் மாட்டுகிறது. அப்புறம் என்ன, எல்லாரும் மானிட்டரைத்தான் சந்தேகப்பட்டார்கள். ஜெயபாண்டி கேபிளோடு வந்து நின்றான்.

(முதல் பிரதியில் ஜெயபாண்டியைக் கோமாளி ஆக்கியிருந்தேன். பாவம், அது நியாயமில்லை. அவன் இடத்தில் நானாக இருந்தாலும் கேபிளைத்தான் பிடுங்கியிருப்பேன்.)

அப்போதுதான் மாடியில் குடியிருக்கும் சூர்யபிரகாஷ், கலைந்த தலைமுடியோடு…

இல்லை. மாடியில் யாரும் இல்லை. ஒரு பெண் கோளாறு பார்த்தால் உதவிக்கு ஒருத்தனை இறக்கிவிட வேண்டும் என்று என் பேனாவுக்கு யார் சொல்லிக்கொடுத்ததோ!

மீனாவிடம் எனக்கு அம்புட்டுப் பிடித்தது அவளுடைய பொறுமை. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவாள். கேபிளை மாற்றினாள், பார்த்தாள். சரியாகவில்லை. பழைய கேபிளையே திரும்பச் சொருகிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டாள். திரையில் எழுத்தின் அளவை மாற்றினாள், பார்த்தாள், பழையபடியே வைத்தாள்.

"எல்லாத்தையும் ஒண்ணா மாத்திட்டா வேல சுளுவா முடியும்ல மீனா?" என்றான் ஜெயபாண்டி.

"முடியும்ணே. ஆனா எது கோளாறுன்னு கடைசி வரைக்கும் தெரியாது."

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். ஒரு நேரத்தில் ஒன்று என்றால், மானிட்டரை மாட்டும்போது ஒன்றுதான் மாறுகிறதா? மானிட்டரை மாட்டியதும் மடிக்கணினியை மூடி ஓரமாக வைத்துவிடுவாள். தனிக் கீபோர்டை இழுத்துக்கொள்வாள். இத்தனை நாளும் இரண்டு சேர்ந்தே மாறியிருக்கிறது!

மானிட்டரைக் கழற்றாமலே மடிக்கணினியைத் திறந்தாள். அதிலிருக்கும் வலது கன்ட்ரோலைத் தட்டினாள். அம்புக்குறி துள்ளி வெளியே வந்தது. "ஆத்தாடி!" என்றான் ஜெயபாண்டி. எழுதும்போது நானும் அதையே சொன்னேன்.

4

ஜெயபாண்டி கேபிளைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிய பிறகு, தனிக் கீபோர்டின் வலது கன்ட்ரோலை ஹேர்பின்னால் நெம்பி எடுத்தாள். அடியில் சந்தனம், நடுவில் குங்குமம், காய்ந்து கல்லாக இருந்தது. பட்டன் அமுங்கத்தான் செய்திருக்கிறது. அடிவரை போகாதது விரலுக்குத் தெரியவில்லை.

ஆயுத பூஜையன்று சோணையம்மாள் சந்தனக் கிண்ணத்தைத் தொடாமல் ஒதுங்கி நின்றாள். "நான் வைக்கலாமாடி? பொட்டழிஞ்சவ கை."

மீனாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீதாம்மா வைக்கணும். நீ வச்சாத்தான் நான் வேல பாப்பேன்."

நடுவில் வைத்தால் எழுத்து மறைந்துவிடும் என்று, அந்த அம்மா, மகள் அதிகம் தொடமாட்டாள் என்று தான் நினைத்த ஓரத்துப் பட்டனாகப் பார்த்து, தாராளமாக வைத்தாள்.*

* குழைத்த சந்தனம் இளகலாக இருந்தது. அது வழிந்து இடுக்கில் இறங்கியதற்கு யாரை நோவது?

மீனா கையில் பட்டனோடு உட்கார்ந்திருந்தாள். கோளாறு இதுதான் என்று சொன்னால் அம்மா சந்தனத்தை நினைக்கமாட்டாள். தன் கையைத்தான் நினைப்பாள். அந்தப் பொட்டைத் துடைக்க மீனாவுக்கு மனசே வரவில்லை. ஆனாலும் ஈரப்பஞ்சால் துடைத்தாள், பட்டனைப் பொருத்தினாள்.

திங்கட்கிழமை அம்புக்குறி உள்ளே போவதும் வெளியே வருவதுமாக, தாய்வீட்டுக்கும் மாமியார் வீட்டுக்கும் நடக்கிற பெண்ணைப்போல் இருந்தது. "நீங்க மதுரையிலயே இருங்கம்மா" என்றார் ஸ்ரீராம்குமார்.

5

இங்கே முடித்திருக்கலாம். இரண்டு முடிவு எழுதியும் வைத்தேன்.

ஒன்று: 'கேபிள்தான் கோளாறும்மா' என்று மீனா பொய் சொல்கிறாள். அம்மா சிரிக்கிறாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கோளாறுக்குத் தப்பான காரணம் எழுதித் தருகிற பழக்கம் அவளுக்கு இல்லையே!

இரண்டு: உண்மையைச் சொல்கிறாள். அதற்குமேல் சோணையம்மாளின் முகத்தை எனக்கு எழுத வரவில்லை.

நடந்தது இது. செய்து காட்டி முடிந்ததும் மீனாவே போய்ச் சந்தனம் குழைத்து, கிண்ணத்தை அம்மா கையில் கொடுத்தாள். "வேல நெலச்சிருச்சும்மா. திரும்பவும் பொட்டு வை. பட்டன்ல வேணாம், இந்தா, கீபோர்டோட இந்த வெறும் ஓரத்துல வை."

சோணையம்மாள் விரலால் சந்தனத்தைத் தொட்டாள். பழைய பொட்டு இருந்த பட்டனைப் பார்த்தாள். அது துடைத்துக் கிடந்தது. விரல் அந்தரத்தில் நின்றது.

"ஏன்டி, அப்ப அது நான் வச்சதாலதானா?"

மீனா என்னிடம் சொன்னது இதுவரைக்கும்தான். பதிலை நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை. நீங்கள் அவள் பக்கத்தில் நின்று சொல்லுங்கள். பொய்யாகவும் இருக்கக் கூடாது, அந்தக் கை பொட்டு வைக்காமல் இறங்கிவிடவும் கூடாது.

சீக்கிரம் சொல்லுங்கள். சந்தனம் காய்ந்துகொண்டிருக்கிறது.