வாத்தியார் ஊற்றிய தண்ணீர்

சாயத் தொழிற்சாலையில் அவருக்கு வாத்தியார் என்றே பெயர். அடையாள அட்டையில் பாதுகாப்பு அதிகாரி என்று இருந்தாலும் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. புதிதாக வருகிறவர்களை உட்காரவைத்து அலுமினியம் குளோரைடைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவார்.

"சாயத்துக்கு மட்டுமில்ல, வாசனைப் பொருளுக்கும் மருந்துக்கும்கூட இது வேணும். பார்த்தா மஞ்சள் பூத்த உப்பு மாதிரி சாதுவா இருக்கும். தண்ணி பட்டாத்தான் பேய். கொதிக்கும், சீறும், அமிலப் புகையா நெஞ்சுல ஏறும். கொட்டிடுச்சா, காஞ்ச மணலைப் போட்டு மூடு. காஞ்ச கரண்டியால அள்ளு. மேல பட்டா முதல்ல உதறித் தள்ளு, அப்புறம் குழாயடிக்கு ஓடு. குவியல் பக்கம் ஒரு சொட்டு தண்ணி வரக்கூடாது!"

அன்று காலை கிடங்கில் அலுமினியம் குளோரைடு டிரம் ஒன்று வண்டியிலிருந்து சரிந்து மூடி தெறித்தது. அங்கே நின்றது வாத்தியாரின் தங்கை கணவன். பொடி அவன் காலடியில் குவிந்து பூட்ஸுக்குள்ளும் புகுந்தது.

"மச்சான், எரியுது!" என்று அலறினான்.

இத்தனை வருடம் ஓதிய பாடம் எங்கே போனதோ, வாசலில் இருந்த துடைப்பு வாளியைத் தூக்கி வாத்தியார் அவன் காலில் கவிழ்த்துவிட்டார்.

குவியல் சீறியது. வெள்ளைப் புகை கிடங்கை விழுங்கியது. இரண்டு பேர் முகமூடியோடு புகுந்து அவனை இழுத்து வந்து, பூட்ஸைக் கழற்றிக் குழாயடியில் உட்காரவைத்தார்கள். கால் வெந்திருந்தது. தொண்டை அடைத்துப்போயிருந்தது. உயிருக்குப் பயமில்லை என்றார் மருத்துவர்.

தண்ணீர் ஊற்றியது யார் என்று யாரும் பார்க்கவில்லை; புகை அடங்கியபோது தரையில் வாளிதான் கிடந்தது. மேனேஜர், எல்லாரும் அக்கா என்று கூப்பிடும் துப்புரவுத் தொழிலாளியைப் பிடித்துக்கொண்டார்.

"வாளி உன்னோடதுதானே? கிடங்கை எதுக்கு ஈரமாக்கின?"

"சார், நான் வராந்தாதான் துடைச்சேன். வாத்தியாரே, நீங்களாவது சொல்லுங்களேன்!"

வாத்தியார் அவள் முகத்தைப் பார்த்தார். "விசாரிக்கணும்" என்று மட்டும் முனகினார். எல்லார் முன்னாலும் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மருத்துவமனையில் தங்கை நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருண்ணா. நீ பக்கத்துல இல்லன்னா இவர் என்ன ஆகியிருப்பாரோ."

படுக்கையில் இருந்தவன் கம்மிய குரலில் சிரித்தான். "ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி..." மிச்சத்தை இருமல் தின்றது. மனைவி தண்ணீர் எடுக்கத் திரும்பியதும் மெதுவாகச் சொன்னான்: "பதறிட்டீங்க, விடுங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இதற்குக் கூனிக் குறுகிப் போனார்.

"தண்ணி ஊத்தினது நான்தான்மா" என்றார் தங்கையிடம். அவள் கையிலிருந்த டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அங்கிருந்து நேரே தொழிற்சாலைக்குப் போய், துப்புரவு அக்காவைத் திட்டிய அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால் அதையே சொன்னார். மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டார். இனி வகுப்பு எடுக்க வேண்டாம் என்றார். வாத்தியார் தலையாட்டினார்.

மறுநாள் அக்கா வேலைக்குத் திரும்பினாள். வாத்தியார் போய்க் கைகூப்பினார்.

"கை நீட்டி ஊத்தினது பதட்டத்துல. அது யாருக்கும் வரும்" என்றாள் அவள். "ஆனா நான் கேட்டப்போ என் மூஞ்சிய நல்லாப் பார்த்துட்டுத்தானே சும்மா இருந்தீங்க?"

"ஆமாம்மா" என்றார். அவள் வராந்தாவுக்குப் போய் வேலையை ஆரம்பித்தாள்.